அம்பை 16 வயலில் கலவன்: சொந்த விதையைச் சுத்தமாக வைக்க என்ன வழி?

பறக்கைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் பறக்கையில் எங்களுக்கு ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாக வயல் உண்டு. இந்தக் கும்பப்பூவுக்கு (மாசியை ஒட்டி அறுக்கும் இரண்டாம் பருவம்) அம்பை 16 ரக நெல் நட்டிருக்கிறோம். விதைநெல் ஒரு கடையில் வாங்கியது. பையில் சீட்டு எதுவும் கிடையாது, "நல்ல நெல்லுதான், தைரியமா கொண்டு போங்க" என்ற வாய்வார்த்தை மட்டும்தான்.

இப்போது பயிர் பால் பிடிக்கும் பருவம். வரப்பில் நின்று பார்த்தால் ஆங்காங்கே ஒரு சாண் உயரமாக, மெலிந்த கதிரோடு கலவன், அதாவது வேறு ரக நெல், நிற்கிறது. சிலவற்றில் மணி நுனியில் நீள மீசை. சில குத்துகள் மற்றவற்றுக்கு முன்பே கதிர் தள்ளிவிட்டன, லேசாகத் தட்டினாலே மணி உதிர்கிறது. பக்கத்து வயல் மாமா, "அதுவும் நெல்லுதானே மக்கா, விடு" என்கிறார். விற்கிற நெல் என்றால் விட்டுவிடுவேன். ஆனால் இனி கடையில் வாங்காமல் நானே விதை எடுத்து வைக்கலாம் என்று நினைக்கிறேன். இந்த வயலிலிருந்து விதை எடுக்கலாமா? எடுத்தபின் உப்புத் தண்ணீரில் போட்டு அலசினால் இந்தக் கலப்பு போய்விடுமா?

புத்தனாறு:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பலரும் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். உப்புத் தண்ணீர் கலப்பை எடுக்காது. பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து நெல்லைப் போட்டால் பதரும் அரைவிளைச்சல் மணியும் மேலே மிதக்கும். கலவன் நெல் நன்றாக விளைந்திருந்தால் அதுவும் நல்ல நெல்லோடு சேர்ந்து அடியில்தான் கிடக்கும். எடைக்குத்தான் அந்தச் சோதனை, சாதிக்கு அல்ல. முறத்தில் புடைத்தாலும், காற்றில் தூற்றினாலும், சல்லடையில் போட்டாலும் இதே கதைதான்.

கலவனை எடுக்க ஒரே இடம் வயல். பயிர் நிற்கும்போதுதான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். உயரம், இலை நிறம், தூரின் அடி நிறம், கதிர் வரும் நாள், மீசை, மணியின் வடிவம் எல்லாமே வயலில் கண்ணுக்குத் தெரியும். களத்தில் கொட்டிவிட்டால் எல்லாம் ஒரே குவியல்.

இன்றைக்கே இறங்குங்கள். முன்னே பழுத்து உதிர்கிறதே, அதுதான் மிக மோசம். அது காட்டு நெல் கலப்பாக இருக்கும். கேரளத்தில் வரிநெல்லு என்று சொல்வார்கள். நீங்கள் அறுக்கும் முன்பே அது பாதி மணியை வயலில் கொட்டிவிடும். அடுத்த பூவுக்கு (பருவத்துக்கு) நீங்கள் எவ்வளவு சுத்தமான விதை போட்டாலும் மண்ணிலிருந்து அது முளைத்து வரும். மாமாவிடம் சொல்லுங்கள், அவர் வயலுக்கும் அது வரப்பைத் தாண்டி வரும்.

நீலச்சீட்டு:

புத்தனாறு அண்ணாச்சி சொன்னதோடு கொஞ்சம் கணக்கும் சேர்க்கிறேன். நான் விதைப் பண்ணை பதிவு செய்து சான்று விதை எடுப்பவன். வயலாய்வுக்கு விதைச்சான்று அலுவலர் வரும்போது நெல்லில் எதைப் பார்ப்பார் என்று தெரிந்தால் நம் வயலை நாமே ஆய்வு செய்துகொள்ளலாம்.

சான்று விதை வயலில் பிற ரகக் கலப்பு 0.20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சான்று விதைக்குத் தாயான ஆதார விதை என்றால் 0.05 சதவீதம்தான். 20-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 50 குத்து, ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 2 லட்சம் குத்து. அதில் 0.20 சதவீதம் என்றால் 400 குத்து. அதாவது ஏக்கருக்கு 400 கலவன் வரை இருந்தாலும் சான்று கிடைத்துவிடும். பறக்கைக்காரன் தம்பி சொல்வதைப் பார்த்தால் அங்கே அதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கும் போலிருக்கிறது. காட்டு நெல்லுக்குத் தனிக் கணக்கு, இன்னும் கண்டிப்பு: சான்று விதையில் 0.02, ஆதார விதையில் 0.01 சதவீதம்.

இப்போது உங்கள் தேவைக்கு வருவோம். ஏக்கர் முழுவதையும் சுத்தம் செய்து விதை எடுக்க வேண்டியதே இல்லை. குறுவயது ரகத்துக்கு ஒரு ஏக்கர் நடவுக்கு 24 கிலோ விதை போதும். நம்மூரில் சென்ட்டுக்கு 20 கிலோ நெல் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 5 சென்ட்டில் 100 கிலோ வரும். உங்கள் தேவையைப்போல் நான்கு மடங்கு! அந்த 5 சென்ட்டில் நிற்பது சுமார் 10,000 குத்து. ஆதார விதைத் தரத்துக்கு அதில் 5 கலவனுக்கு மேல் கூடாது. ஏக்கரில் நூறு கலவனைத் தேடி அலைவது ஒரு ஆளுக்கு முடியாத வேலை. 5 சென்ட்டில் வரிசை வரிசையாக நடந்து, ஒரு குத்தையும் விடாமல் பார்ப்பது காலை நேரத்தில் முடிந்துவிடும். வயலின் ஒரு நல்ல மூலையை விதைப் பாத்தி என்று முடிவு செய்யுங்கள். நம் கண்டிப்பெல்லாம் அங்கேதான். மற்ற இடத்தில் கண்ணில் படுவதை மட்டும் பிடுங்கினால் போதும்.

அப்புறம் பிடுங்கும் முறை. கதிரை மட்டும் கிள்ளக் கூடாது, தூரோடு எடுக்க வேண்டும். கிள்ளிவிட்டால் அடியிலிருந்து இன்னொரு பக்கத்தூர் கதிர் தள்ளும். நட்ட குத்தில் மூன்று நாற்று இருந்து, அதில் ஒன்று மட்டும் கலவன் என்றால் குத்து முழுவதையும் தூக்குங்கள், எது எதன் தூர் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. பிடுங்கியதை வரப்பில் போடாதீர்கள். முற்றிய மணி இருந்தால் அங்கேயே உதிர்ந்து அடுத்த மழைக்கு முளைத்துவிடும். சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுக்குப் போடுங்கள். மணி முற்றியிருந்தால் எரித்துவிடுங்கள், சாணத்தோடு திரும்ப வயலுக்கு வந்துவிடும்.

பறக்கைக்காரன்:

5 சென்ட் கணக்கு மனதுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் ஒரு சந்தேகம். உயரமாக நிற்பதைப் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. அதே உயரத்தில் நிற்கும் வேறு ரகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீலச்சீட்டு:

அதற்காகத்தான் மூன்று தடவை இறங்க வேண்டும் என்பது. தூர் கட்டி முடிந்து கதிர் வரும் முன்பு ஒரு தடவை: உயரம், இலை அகலம், இலையுறையில் ஊதா நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். அம்பை 16 தூரின் அடி பச்சைதான், ஊதா தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். பாதிப் பயிர் பூக்கும்போது இரண்டாவது தடவை, என் அனுபவத்தில் அதிகம் சிக்குவது அப்போதுதான். எல்லாம் பூக்கும்போது ஒன்று மட்டும் கதிரே தள்ளாமல் நிற்கும், அல்லது ஒன்று மட்டும் பூத்து முடிந்து தலை குனிந்திருக்கும். திருப்பதிசாரம் 3 மாதிரி 135 நாளுக்கு மேல் போகிற நெல் 110 நாள் அம்பை 16 நடுவில் கலந்தால் இந்த ஒரு தடவையிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். மூன்றாவது, அறுப்புக்கு முன்: மணி வடிவம். அம்பை 16 குட்டையான தடித்த மணி. நீளமாகவோ சன்னமாகவோ கண்டால் எடுத்துவிட வேண்டும்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நடங்கள். எதிர்வெயிலில் எல்லாக் கதிரும் ஒரே மாதிரி மின்னும், கண் ஏமாந்துவிடும்.

அடுத்த பூவிலிருந்து விதைப் பாத்தியில் மட்டும் குத்துக்கு ஒரே நாற்று வையுங்கள். கலவன் மறைந்து நிற்க இடமே இருக்காது.

தோவாளைத் தம்பி:

எல்லோரும் வயலைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஏலாவில் (வயல்வெளியில்) கலப்பு வந்ததே அறுப்பு மெஷின் வழியாகத்தான். முந்தைய வயலில் திருப்பதிசாரம் 5 அறுத்துவிட்டு நேரே நம் வயலுக்கு வருவார்கள். மெஷின் வயிற்றிலும் சல்லடையிலும் அதன் நெல் கிடக்கும். டிரைவரிடம் கழுவச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார், அவருக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது, அவரைச் சொல்லியும் குற்றமில்லை. விதைக்கு வேண்டியதை மெஷின் உள்ளே இறங்கும் முன்பே கையால் அறுத்துவிடுங்கள். தார்ப்பாயில் போட்டு அடியுங்கள். முன்னால் வேறு நெல் காய்ந்த களத்தில் விதைநெல்லை விரிக்காதீர்கள், சிமென்ட் வெடிப்பில் இருக்கிற மணியை எந்த விளக்குமாறும் எடுக்காது.

சாக்கும் அப்படித்தான். பழைய சாக்கு என்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பி, உதறி, தையலில் சிக்கிய மணியை விரலால் எடுத்தபின்தான் நெல்லைப் போட வேண்டும்.

புத்தனாறு:

தோவாளைத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தக் காலத்தில் கதிரைச் சூடடித்து விதைக்கட்டைத் தனியாக எடுத்து வைத்தவர்கள் ஏன் தனியாக வைத்தார்கள் என்று மெஷின் வந்தபின்தான் நன்றாகப் புரிகிறது.

இன்னொன்று: எந்தப் பூவில் விதை எடுப்பது? என் கருத்து கும்பப்பூதான். முதல் பருவமான கன்னிப்பூவின் அறுப்பு ஆவணி, புரட்டாசியில் வரும். அடுத்த நாற்றங்காலுக்கு உடனே விதை வேண்டும், காய வைக்க வெயிலும் நம்ப முடியாது, வடகிழக்கு மழை தலைக்குமேல் நிற்கும். புது நெல்லுக்கு விதை உறக்கம் வேறு. கும்பப்பூ அறுப்பு மாசியை ஒட்டி நல்ல வெயிலில் வருகிறது. கன்னிப்பூவுக்கு விதைக்கும்வரை நெல்லுக்கு ஓய்வும் கிடைக்கும், முளைப்பும் சீராக இருக்கும்.

நீலச்சீட்டு:

அண்ணாச்சி சொல்வதில் காய்ச்சல், முளைப்பு வரை முழுச் சம்மதம். ஆனால் சுத்தம் என்று பார்த்தால் கும்பப்பூவில் ஒரு ஆபத்து உண்டு. கன்னிப்பூ அறுத்து முடித்துக் கொஞ்ச நாளிலேயே உழுது தொளி (சேறு) ஆக்கி நட்டுவிடுகிறோம். கன்னிப்பூவில் உதிர்ந்த நெல் மண்ணில் அப்படியே இருக்கும், கும்பப்பூ நடவோடு அதுவும் முளைத்து வரும். கோடையில் காய்ந்து கிடக்கும் நிலத்தில் அந்தத் தொல்லை குறைவு, சித்திரை மழைக்கு முளைப்பதை உழவிலேயே அழித்துவிடலாம்.

அதனால் விதைப் பாத்தி இருக்கும் மூலையில் கன்னிப்பூவிலும் அதே ரகத்தையே போடுங்கள். கும்பப்பூவுக்கு முன் அந்த இடத்தில் மட்டும் ஒரு தண்ணீர் பாய்ச்சி, உதிர் நெல் முளைத்தபின் மடக்கி உழுங்கள். கயிறு பிடித்து வரிசை நடவு. வரிசைக்கு வெளியே முளைப்பது எதுவானாலும் அது அழையாத விருந்தாளி, பிடுங்கிவிடலாம். கன்னிப்பூவில் பொடி விதைப்பு (காய்ந்த புழுதியில் நேரடி விதைப்பு) செய்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. விதைத்ததும் உதிர்ந்ததும் கலந்தே முளைக்கும், முதல் மாதத்தில் பிரித்துப் பார்க்கவே முடியாது.

வழுதலைத்தோட்டம்:

நெல் பேச்சில் குறுக்கே வருகிறேன், அண்ணன்மார் மன்னிக்கவும். நான் விளவங்கோடு பக்கம். வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட்டில் காய்கறி போடுகிறேன். அம்மா காலத்திலிருந்து கைமாறி வரும் நீளப் பச்சை வழுதலை (கத்தரி) எங்களிடம் இருக்கிறது. அவியலுக்கு அதைப்போல் வேறு கிடையாது. பக்கத்து வீட்டில் ஊதாக் கத்தரி நாற்று வாங்கி வைத்த மறு வருடமே எங்கள் செடியில் ஊதாக் கோடு விழுந்த காய் வந்தது. நெல்லில் இப்படி அவ்வளவாக நடக்காது என்கிறார்களே, அப்படியா?

நீலச்சீட்டு:

ஆமாம் அக்கா. நெல் தன் பூவுக்குள்ளேயே சூல் கொள்ளும் பயிர், அயல் மகரந்தம் சேர்வது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அதனால்தான் நெல்லுக்குப் பக்கத்து ரகத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தால் போதும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நாஞ்சில் நாட்டு வயலில் வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு ரகம் இருந்தால்கூட, நம் பக்கம் 3 மீட்டரைச் சாப்பாட்டு நெல்லாக அறுத்துவிட்டு உள்ளே இருப்பதை விதைக்கு எடுக்கலாம்.

காய்கறியில் கதை வேறு. கத்தரிக்கு ஆதார விதை எடுக்க 200 மீட்டர், சான்று விதைக்கு 100 மீட்டர். வெண்டைக்கு 400, 200. பாகல், புடலை, தடியங்காய் (சாம்பல் பூசணி), வெள்ளரி குடும்பத்துக்கு ஆதார விதைக்கு 1,000 மீட்டர், சான்று விதைக்கு 500 மீட்டர். வீட்டுத் தோட்டத்தில் இதற்கு வழியே இல்லை, நடுவில் இன்னும் எத்தனையோ தோட்டம் இருக்கும். பயத்தங்காய் மட்டும் சாது, 10, 5 மீட்டர் போதும்.

வழுதலைத்தோட்டம்:

அப்படியானால் நான் கடைப்பிடிக்கும் முறையை எழுதிவிடுகிறேன், சொல்லிக்கொடுத்தவர் ஒரு வேளாண் பட்டதாரிப் பெண். வழுதலையில் பூ விரியும் முன், மொட்டு நன்றாகப் பருத்து ஊதா நிறம் எட்டிப் பார்க்கும்போது, மெல்லிய துணிப்பையை அந்தக் கிளை நுனியில் மாட்டிக் கட்டிவிட வேண்டும். பைக்குள் பூ விரிந்தபின் காலையில் பையின் மேலேயே விரலால் நாலு சுண்டு சுண்ட வேண்டும். வழுதலையின் மகரந்தப் பை நுனியில் சிறு துளைதான் உண்டு, அதிர்ந்தால்தான் மகரந்தம் கொட்டும். கருவண்டு வந்து ரீங்காரமிட்டு அதைத்தான் செய்கிறது. அதனால் வழுதலையைக் கலப்பது பெரும்பாலும் வண்டுதான், பெட்டித் தேனீ அல்ல. பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுவேன். நூல் கட்டின காயை யாரும் பறிக்கக் கூடாது என்பது வீட்டில் சட்டம். காய் மஞ்சளாகப் பழுத்து லேசாகத் தொய்யும்வரை செடியிலேயே விட்டு அப்புறம் விதை எடுப்பேன்.

தடியங்காயில் தேனீதான் பிரச்சினை. மார்த்தாண்டம் பக்கம் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் பெட்டித் தேனீ. ரப்பர் துளிர் முடிந்தபின் அவை நம் பந்தலுக்குத்தான் வரும், வரட்டும், காய் பிடிக்க அவை வேண்டும். விதைக் காய்க்கு மட்டும் நான் முந்திக்கொள்ள வேண்டும். மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டையும் முந்தின நாள் சாயங்காலமே நூலால் வாய் கட்டிவிடுவேன். அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ. காலையில் விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, அதன் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்துவிட்டு, பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். ஆண் பூவை வேறு கொடியிலிருந்து எடுப்பேன், ஆனால் அதே ரகமாக இருக்க வேண்டும். ஒரே காயின் விதையை மட்டும் வைத்துக்கொள்ளாமல் நாலைந்து கொடியின் காயிலிருந்து கலந்து எடுக்கிறேன், இல்லையென்றால் வருடம் போகப் போகக் கொடி மெலிந்துவிடும் என்று சொன்னார்.

தோவாளைத் தம்பி:

அக்கா, கடையில் வாங்கின பாக்கெட் வெண்டையில் இந்த மாதிரி பை கட்டினால் அடுத்த வருடம் அதே காய் வருமா?

வழுதலைத்தோட்டம்:

பாக்கெட்டில் எஃப்1 என்றோ வீரிய ஒட்டு என்றோ போட்டிருந்தால் வராது தம்பி. அது இரண்டு வேறு பெற்றோரின் முதல் தலைமுறை, நீங்கள் எத்தனை பை கட்டினாலும் அடுத்த தலைமுறையில் பிரிந்து விதவிதமாகத்தான் வரும். ரகம் என்று போட்டிருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

பழையநெல்:

இந்த இழையில் எல்லோரும் "சுத்தம்" என்பதையே சாமியாக்கிப் பேசுகிறீர்கள். நான் பாரம்பரிய நெல் போடுபவன். ஒரு பாரம்பரிய நெல்லின் வயலுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு குத்து நாலு விரல் உயரம், ஒன்று நாலு நாள் முன்னே பூக்கும், ஒன்றின் உமி கொஞ்சம் கருப்பு. அது அழுக்கா? மழை தவறின வருடத்தில் முன்னே பூத்தது தப்பிக்கும், வெள்ளம் வந்தால் உயரமானது தப்பிக்கும். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து போகும். நம் திருப்பதிசாரம் 1 ரகமே ஐஆர் 8-ஐயும் கட்டிச் சம்பாவையும் சேர்த்து உருவாக்கியதுதான். கட்டிச் சம்பா மாதிரி நெல்லை எல்லாம் நம் முன்னோர் இப்படிச் சலித்துச் சலித்து ஒன்றாக்கியிருந்தால் ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுக்க என்ன மிஞ்சியிருக்கும்?

நீலச்சீட்டு:

அண்ணாச்சி கேட்பது நியாயமான கேள்வி, இதற்கு எங்கள் சான்றுக் கணக்கு பதிலாகாது. சான்று விதிகள் அறிவிக்கப்பட்ட ரகங்களுக்காக எழுதப்பட்டவை. அம்பை 16 என்று சொல்லி விற்றால் அது அம்பை 16 ஆகத்தான் இருக்க வேண்டும், வாங்குகிறவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது. 1986-இல் வெளியிடப்பட்ட ரகம் இன்னும் நம் வயலில் நிற்கிறதென்றால் வல்லுநர் விதை (ரகத்தை உருவாக்கியவர்களின் மூல விதை), ஆதார விதை, சான்று விதை என்று முறையே மஞ்சள், வெள்ளை, நீலச் சீட்டோடு அதை யாரோ விடாமல் காத்துவந்ததால்தான்.

ஆனால் பாரம்பரிய நெல்லிலும் எல்லாக் கலப்பும் வளம் ஆகிவிடாது. உள்ளே இருக்கும் சிறு வேற்றுமை ஒன்று, வெளியிலிருந்து வந்து விழுந்த நெல் இன்னொன்று. உங்கள் வயலில் ஐஆர் 50 என்ற ஆராய்ச்சி நிலைய ரகம் பத்துக் குத்து நின்றால் அதையும் பாரம்பரிய வேற்றுமை என்று விட்டுவிடுவீர்களா?

பழையநெல்:

விடமாட்டேன்தான். காட்டு நெல்லையும் விடமாட்டேன், உதிர்வதை முதலில் பிடுங்குவேன். ஆனால் நாலு நாள் முன்னே பூத்ததற்காகவும், மீசை கொஞ்சம் நீண்டதற்காகவும் பிடுங்க மாட்டேன். விதைக்கு ஒரே ஒரு கொழுத்த கதிரைத் தேர்ந்தெடுக்கிற ஆட்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. வயல் முழுக்க நடந்து, பல குத்துகளிலிருந்து இருநூறு கதிருக்குக் குறையாமல் எடுத்துக் கலந்து வைத்தால்தான் அந்த நெல் அந்த நெல்லாக இருக்கும்.

புத்தனாறு:

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது, ஆனால் ஒரு இடத்தில் பழையநெல் தம்பியோடு ஒத்துப்போக மாட்டேன். இப்போது பாரம்பரிய நெல் கைமாறுவது முன்போல உறவுக்குள் அல்ல. பாரம்பரிய நெல்லை மீட்ட நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த வழியில் 2 கிலோ வாங்கி அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தருகிற பழக்கம் மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறது. அருமையான காரியம், நூற்றுக்கணக்கான நெல் அதனால்தான் திரும்ப வந்தது. ஆனால் அந்த 4 கிலோ பல கை, பல களம், பல சாக்கு தாண்டி வருகிறது. ஒவ்வொரு கையிலும் இரண்டு மணி சேர்ந்தால் போதும், பத்து வருடத்தில் பெயர் மட்டும்தான் பழையதாக இருக்கும். திருப்பித் தருகிறவர் தன் வயலைப் பூக்கும்போது ஒரு முறையாவது நடந்து பார்த்துவிட்டுத்தான் தர வேண்டும்.

சிவப்பு நெல் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெள்ளை அரிசி ரகத்தில் காட்டு நெல் கலந்தால் ஒரு கைப்பிடியை உமி நீக்கிப் பார்த்தாலே தெரியும், காட்டு நெல் பெரும்பாலும் சிவப்பு. அரிசியே சிவப்பாக இருக்கும் ரகத்தில் அந்தச் சோதனை வேலைக்காகாது. வயலில் உதிர்வதையும் மீசையையும் வைத்து மட்டும்தான் பிடிக்க முடியும்.

பழையநெல்:

பூக்கும்போது நடந்து பார்க்கச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணாச்சி. நாங்கள் விதை பரிமாறும் குழுவில் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கச் சொல்கிறேன். குத்துக்குக் குத்து ஒரே மாதிரி வேண்டும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

மட்டிக்குலை:

வாழைக்காரனுக்கும் இடம் உண்டா? எங்கள் குமரி மாவட்ட மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் கன்றுக்கு ஆள் தேடி வருகிறார்கள். தேன் மட்டி, நெய் மட்டி, கல் மட்டி, செம்மட்டி என்று மட்டியிலேயே பல வகை உண்டு, கன்றைப் பார்த்து எது என்று சொல்லவே முடியாது. விதை இல்லாத பயிரில் மகரந்தக் கலப்பு என்ற பேச்சே இல்லை, கலப்பு எல்லாம் மனிதன் கையால் வருவது. குலை தள்ளி, காயின் நுனி மூக்கு தெரிந்தபின்தான் தாய்மரத்தில் சுண்ணாம்பால் அடையாளம் போடுகிறேன். அந்தத் தாயின் ஈட்டிக் கன்றை (குறுகிய இலையுள்ள கன்றை) மட்டும்தான் விதைக்கன்றாகக் கொடுப்பேன். முடிக்கொத்து நோய் (இலைகள் நுனியில் கொத்தாகக் குறுகும் வைரஸ் நோய்) வந்த தோட்டத்துக் கன்று எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது.

பறக்கைக்காரன்:

அறுப்பு முடிந்தது, விவரம் சொல்லிவிடுகிறேன். வடகிழக்கு மூலையில் 5 சென்ட்டைக் கயிறு கட்டிப் பிரித்தேன். நானும் மனைவியும் வரிசைக்கு ஒருவராக நடந்தோம். வரப்பில் நின்று பார்த்தபோது தெரிந்ததைவிட உள்ளே நிறைய இருந்தது. முக்கியமாக, அம்பை 16 உயரத்திலேயே நின்ற சன்ன மணி நெல். குனிந்து கதிரைக் கையில் ஏந்தினால்தான் வித்தியாசம் தெரிந்தது. பக்கத்து வயல் மாமா முதலில் வேடிக்கை பார்த்தார், அப்புறம் உதிர்கிற குத்தைத் தன் வயலிலும் காட்டச் சொன்னார்.

கையால் அறுத்து, தார்ப்பாயில் அடித்து, ஓரத்தை ஒதுக்கிவிட்டோம். மகள் ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு கைப்பிடி நெல்லை நகத்தால் உமி உரித்துப் போட்டாள். முழுக்க வெள்ளை, நடுவில் மூன்று சிவப்பு அரிசி. மெஷினில் அறுத்த மற்ற நெல்லிலும் அதேபோல் ஒரு கைப்பிடி எடுத்து உரித்தால் இருபதுக்கு மேல் சிவப்பு. இந்த மூன்றையும் என்ன செய்வது? இந்த விதையை அடுத்த கன்னிப்பூவுக்குப் போடலாமா?

நீலச்சீட்டு:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. ஆனால் மூன்று சிவப்பு என்றால் நான் இதை விதையாக வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஒரு கைப்பிடிக்கு ஆயிரம் மணி சொச்சம் வரும், அதில் மூன்று என்பது நிறைய. மணி கொட்ட ஆரம்பித்தபின் பிடுங்கினால் கொஞ்சம் நல்ல குத்துகளுக்கு நடுவே விழத்தான் செய்யும், நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும். இந்த நெல்லைச் சாப்பாட்டுக்கு வையுங்கள்.

கன்னிப்பூவுக்கு வேளாண்மை விரிவாக்க மையத்தில் நீலச் சீட்டுள்ள சான்று விதையாக வாங்குங்கள். சீட்டில் ரகம், குவியல் எண் (லாட் நம்பர்), சோதனை நாள், காலாவதி நாள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சோதனை செய்த நாளிலிருந்து 9 மாதம்தான் அந்தச் சீட்டுக்கு உயிர். சீட்டைக் கிழித்து எறியாமல் விளைச்சல் முடியும்வரை வைத்திருங்கள், ஏதாவது கலப்பு கண்டால் கேட்பதற்கு அதுதான் ஆதாரம். அந்த விதையை வைத்து அடுத்த கும்பப்பூவில் உங்கள் 5 சென்ட்டைத் தொடங்குங்கள். அதிலிருந்து மூன்று வருடம் உங்கள் சொந்த விதையே ஓடும், அப்புறம் மறுபடி ஒரு புதுப் பை.

பறக்கைக்காரன்:

சரி அண்ணா, அப்படியே செய்கிறேன். சேமிப்பு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பறக்கையில் கடல்காற்று, மழைக்காலத்தில் சுவரே நனைந்த மாதிரி இருக்கும்.

புத்தனாறு:

காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை, பிறகு மூன்று முதல் ஐந்து வரை காய வையுங்கள். உச்சி வெயிலில் விதைநெல் வேண்டாம். ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கருவி இல்லையென்றால் பல்லில் வைத்துக் கடியுங்கள், டக்கென்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் ஒரு நாள். தரையில் நேராக வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். பைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டிலும் ரகமும் எந்தப் பூ என்பதும். வெளிச்சீட்டை எலி தின்றுவிடும், உள்ளே இருப்பது நிற்கும்.

நீலச்சீட்டு:

விதைக்க ஒரு மாதம் முன்பு அரைக் கிலோவுக்குக் குறையாமல் மாதிரி எடுத்து விதைப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். பையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்த மாதிரியாக இருக்கட்டும். முளைப்பு 80 சதவீதத்துக்கு மேல் வர வேண்டும், புறத்தூய்மை (கல், பதர், களை விதை இல்லாத அளவு) 98. பிற ரகக் கலப்பையும் பார்த்துத் தரச் சொல்லி விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள், கேட்காவிட்டால் முளைப்பை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.